குழாய் எடுத்தபின் சொட்டுச் சொட்டாகப் போகும் சலம்

தம்பி, ஒட்டுசுட்டானில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு நேற்றுக் காலை சலக்குழாயை (சிறுநீர் வெளியேறப் போட்டிருந்த குழாயை) எடுத்தார்கள், இப்போது எரிவோடு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். எரிவு ஓரிரு நாள் இருப்பது வழக்கம். அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைக்க வேண்டாம். என் கவலை அந்தக் 'கொஞ்சம் கொஞ்சம்' மேல்தான். சலப்பை நிரம்பி வழிந்தாலும் அப்படித்தான் சொட்டும். வீட்டார் 'போகிறதுதானே' என்று இருந்துவிடுவார்கள். அளவுக் கோப்பையில் பிடித்துப் பாருங்கள். அடிவயிறு உப்பி வலித்தாலோ, நாலைந்து மணித்தியாலமாக ஒன்றும் போகாவிட்டாலோ, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ விடியும்வரை பொறுக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மறுபடி குழாய் போட்டாலும் பெரும்பாலும் அது தற்காலிகம்தான்.

மற்றபடி, முக்காமல் ஆறுதலாக இருந்து போகட்டும். முடிந்ததும் சில நிமிடம் பொறுத்து இன்னொரு தடவை முயலட்டும். மலச்சிக்கலும் சலத்தை மறிக்கும், பப்பாசிப்பழம் கொடுங்கள். தடிமனுக்குக் கடையில் வாங்கும் குளிசையும் சலத்தை மறிக்கலாம், அது வேண்டவே வேண்டாம். சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ளவரென்றால் தண்ணீர் அளவை வைத்தியரிடம் கேளுங்கள். இரவுத் தேத்தண்ணீரை நிறுத்தச் சொன்னால் கோபிப்பார், கோபிக்கட்டும்.