அம்மா நகைய அடகு வெச்சு கேமரா வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, எனக்கு 26 வயசு, ஊர் திருப்பூர். மூணு வருஷம் ஒரு ஸ்டூடியோல அசிஸ்டெண்டா இருந்துட்டு போன தை மாசத்துல இருந்து தனியா ஃப்ரீலான்ஸ் பண்றேன். கல்யாணம், ப்ரீ வெட்டிங், பனியன் கம்பெனிகளுக்கு ப்ரொமோ வீடியோன்னு மாசம் அஞ்சாறு ஷூட் வருது. கேமரா, லென்ஸ் எல்லாமே வாடகைதான், ஒரு நாளைக்கு 2,500 போயிடுது. கையில 1.5 லட்சம் சேத்து வெச்சிருக்கேன், அம்மா அவங்க நகைய வெச்சு இன்னொரு 2 லட்சம் எடுத்துக்கோன்னு சொல்றாங்க. சோனி ஏ7எஸ் 3 வாங்கிட்டா லைஃப் செட்டில்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, லென்ஸ் இல்லாம பாடி மட்டுமே 3 லட்சம் கிட்ட ஆகுதாம். கம்பெனில எடுத்தா வீடியோல கோடு கோடா ஓடுது, வெயில்ல எடுத்தா வெட்டி வெட்டி தெரியுது, கல்யாணத்துல சவுண்டு சரியில்லன்னு ஒரு பார்ட்டி பணத்தக் கொறச்சுட்டாங்க. நல்ல கேமரா வாங்கிட்டா இதெல்லாம் சரியாயிடுமா? எத வாங்கட்டும்?

(பேர் போட வேணாம்னு கேட்டிருந்தாங்க.)

பதில்: தங்கச்சி, உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். நீங்க சொன்ன மூணு பிரச்சனைல ஒண்ணு கூட கேமராவால வந்தது இல்ல. அதனால மொதல்ல அதப் பேசிடலாம், ஏன்னா 3 லட்சம் போட்டு ஏ7எஸ் 3 வாங்கிட்டு அதே கம்பெனிக்குப் போய் அதே செட்டிங்ல எடுத்தீங்கன்னா அதே கோடு அதுலயும் ஓடும், அம்மா நகைய வெச்சு வாங்கின கேமரால அதப் பாக்கறப்ப உங்களுக்கு எப்படி இருக்கும்னு நினைச்சாலே எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.

கோடு எதனாலன்னா, நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால கம்பெனில மாட்டியிருக்கற பழைய ட்யூப்லைட்டு, விலை கம்மியான எல்ஈடி எல்லாம் செகண்டுக்கு 100 தடவ மங்கி மங்கி எரியுது, நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமரா புடிச்சிடும். வாடகைக்கு வர்ற கேமரா நிறைய என்டிஎஸ்சிங்கற டிவி செட்டிங்ல செகண்டுக்கு 30 ஃப்ரேம், ஷட்டர் 1/60 செகண்ட்னு கெடக்கும், அது 60 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடுற அமெரிக்காவுக்கு சரியா வரும், நமக்கு வராது. கட்டிங் டேபிள்ல வெள்ளைத் துணி விரிச்சிருக்கறப்ப நல்லா உத்துப் பாருங்க, லேசா அழுக்கு மஞ்சள்ல ஒரு பட்டை மெதுவா ஊர்ந்து போயிட்டே இருக்கும். மெனுல அத நம்ம ஊர் செட்டிங்கான பிஏஎல்னு மாத்தி 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வெச்சுப் பாருங்க, ஸ்லோமோஷனுக்கு 50 ஃப்ரேம்னா 1/100. நின்னுடும். செலவு ஒரு ரூபா கூட இல்ல. ஒண்ணு மட்டும் கவனம், சில கேமரால இத மாத்தினா கார்ட திரும்ப ஃபார்மேட் பண்ணச் சொல்லும், அதனால காலைல ஷூட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மாத்திடணும், பாதி எடுத்துட்டு மாத்தக் கூடாது. மண்டபத்து மேடைல இப்பல்லாம் எல்ஈடி வால் வெக்கறாங்க இல்ல, அதுக்கு 1/50லயும் சில சமயம் கோடு வரும், அப்ப ஷட்டர கொஞ்சம் கொஞ்சமா முன்ன பின்ன நகத்தி எங்க கோடு மறையுதோ அங்க விட்டுடுங்க.

வெயில் மேட்டர், லென்ஸ் முன்னாடி மாட்டி வெளிச்சத்தக் கொறைக்கற என்டி ஃபில்டர் இல்லாததால வருது. நல்ல உச்சி வெயில்ல ஐஎஸ்ஓ (வெளிச்சத்த எவ்வளவு ஏத்திக் காட்டணுங்கற அளவு) 100க்கு லென்ஸ் துவாரம் எஃப்/16, ஷட்டர் 1/100, இது ஃபிலிம் காலத்துல இருந்து இருக்கற கணக்கு. நீங்க லாக்ல (அப்புறம் கலர் பண்றதுக்காக மங்கலா எடுக்கற மோட்) எடுக்கறீங்கன்னா, நிறைய கேமரால ஐஎஸ்ஓ 800க்குக் கீழ எறங்காது, ஷட்டர் 1/50 வேணும், பின்னாடி ப்ளர் வேணும்னு எஃப்/2.8 வெக்கறீங்க, கணக்குப் போட்டா 9 ஸ்டாப் வெளிச்சம் அதிகம், ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு. அத எங்கயாவது கொறைக்கணும் இல்ல, நீங்க ஷட்டர 1/4000, 1/8000ன்னு ஏத்திடறீங்க, அதனாலதான் நடக்கறவங்க கை காலெல்லாம் வெட்டி வெட்டித் தெரியுது. வேரியபிள் என்டி ஒண்ணு வாங்குங்க, கடைல 2 டு 5 ஸ்டாப்னு ஒண்ணு குடுப்பாங்க, அது சாயங்கால வெளிச்சத்துக்குத்தான் பத்தும், நீங்க கேக்க வேண்டியது 6 டு 9. ரொம்ப மட்டமானதுல படத்து நடுவுல எக்ஸ் மாதிரி ஒரு கருப்பு வரும், அதனால வாங்கறதுக்கு முன்னாடி கடை வாசல்ல வானத்தப் பாத்து வெச்சு, கடைசி வரைக்கும் திருகிப் பாத்துட்டு வாங்குங்க.

இப்ப சவுண்டுக்கு வர்றேன், இதப் பத்தி எனக்கு நிறைய சொல்றதுக்கு இருக்கு, ஏன்னா என் கையாலயே ஒரு வீட்டுக் கல்யாணத்தக் கெடுத்திருக்கேன். தாராபுரம் பக்கம் ஒரு கிராமம், நம்ம கொங்கு முறைப்படி கல்யாணம், பெரியவர் ஒருத்தர் மங்கல வாழ்த்து பாடறார், அருமையான குரல். கேமரா மேல ஒரு ஷாட்கன் மைக்க மாட்டி ஆடியோவ ஆட்டோல விட்டுட்டு நான் ஃப்ரேம மட்டும் பாத்துட்டு இருந்தேன். அதுல நடுநடுவுல மேளத்துல ஒரு தட்டு தட்டுவாங்க இல்ல, ஒவ்வொரு தட்டுக்கும் கேமரா பயந்து லெவல எறக்கிடுது, திரும்ப ஏத்தறதுக்கு ஒண்ணு ரெண்டு செகண்ட் ஆகுது, அந்த ஒண்ணு ரெண்டு செகண்ட்ல பெரியவரோட அடுத்த வரி ஆரம்பம் மொத்தமும் போச்சு. பாட்டு முழுக்க இப்படியே. எடிட்டிங் டேபிள்ல ஹெட்ஃபோன் மாட்டினப்பத்தான் தெரிஞ்சுது. அடுத்த வருஷம் அந்தப் பெரியவர் தவறிட்டார், அந்தக் குடும்பத்துல அவர் குரல் இருக்கற ஒரே வீடியோ நான் எடுத்ததுதான்னு போன் பண்ணிக் கேட்டாங்க, என்கிட்ட குடுக்கறதுக்கு நல்லதா ஒண்ணும் இல்ல. இன்னிக்கு வரைக்கும் அது எனக்கு ஆறல.

அதனால உங்க 1.5 லட்சத்துல மொதல் செலவு வயர்லெஸ் மைக். சட்டைல மாட்டற ட்ரான்ஸ்மிட்டர் ரெண்டு இருக்கணும், ட்ரான்ஸ்மிட்டருக்குள்ளயே ரெக்கார்ட் ஆகற மாதிரி இருக்கணும், ஏன்னா மண்டபத்துல 500 போன் இருக்கறப்ப சிக்னல் விட்டு விட்டு வரும், உள்ள பதிவாகியிருந்தா பயம் இல்ல. டிஜேஐ மைக் 2, ரோடு வயர்லெஸ் ப்ரோ மாதிரி செட்ல 32 பிட் ஃப்ளோட்ங்கற முறைல உள்ளயே பதிவாகும், கெட்டி மேளம் எவ்வளவு சத்தமா அடிச்சாலும் எடிட்ல லெவல எறக்கிக் காப்பாத்திடலாம், மைக்கே தாங்காத சத்தம்னாதான் கஷ்டம். கேமராவுக்குள்ள போற சவுண்டு ஆட்டோ இல்ல, மேனுவல்தான், சாதாரணப் பேச்சு லெவல் மீட்டர்ல மைனஸ் 12 டெசிபல் கிட்ட நிக்கற மாதிரி வெச்சுட்டு அப்புறம் தொடாதீங்க. ஒரு ட்ரான்ஸ்மிட்டர் மாப்பிள்ளை சட்டைல, இன்னொண்ணு பாடறவர் பக்கத்துல, இல்லன்னா மண்டபத்து ஸ்பீக்கர்கிட்ட. கம்பெனில ஓவர்லாக் தையல் மெஷின் நாப்பது ஓடற ஹால்ல முதலாளி பேசறாருன்னா காலர் மைக்க சட்டைக்கு வெளிய, வாய்க்கு ஒரு ஜாண் தூரத்துல, அவ்வளவுதான் வழி, எந்த கேமராவும் அங்க உதவாது. ஹெட்ஃபோன் காதுல இல்லாம ரெக்கார்ட் பட்டனத் தொடாதீங்க.

அடுத்து கார்டு. முகூர்த்தம் ஒரு தடவதான், தாலி கட்டறத திரும்பக் கட்டச் சொல்ல முடியாது, அதனால ரெண்டு கார்டு ஸ்லாட் இல்லாத கேமராவ கல்யாணத்துக்கு மெயின் கேமராவா வெக்காதீங்க, ரெண்டுலயும் ஒரே நேரத்துல பதிவாகற மாதிரி வெச்சிடுங்க. சோனி இசட்வி-ஈ10 மாதிரி சின்ன கேமராக்கள் நல்லாத்தான் எடுக்கும், ஆனா ஒரே ஸ்லாட், ரீல்ஸுக்கு வெச்சுக்கலாம். 100 எம்பிபிஎஸ்ல (செகண்டுக்கு 100 மெகாபிட்) எடுத்தா மணிக்கு 45 ஜிபி, 200ல 90 ஜிபி, ஆறு மணி நேரம் ஓடினா எவ்வளவுன்னு பாத்துக்குங்க. கார்டுல வி30ன்னு போட்டிருந்தா செகண்டுக்கு கொறஞ்சது 30 எம்பி எழுதும்னு அர்த்தம், 200 எம்பிபிஎஸ்ங்கறது பைட் கணக்குல 25 எம்பிதான், அதனால நீங்க எடுக்கறதுக்கு நல்ல கம்பெனி வி30, வசதி இருந்தா வி60 போதும், வி90க்கு இப்ப காசு போடாதீங்க. வீட்டுக்கு வந்ததும் ரெண்டு எஸ்எஸ்டில காப்பி போட்டுட்டுத்தான் தூங்கணும், எவ்வளவு அசதியா இருந்தாலும்.

லைட்டு ஒண்ணு, 60 வாட் எல்ஈடி, போவன்ஸ் மவுண்ட் (சாஃப்ட்பாக்ஸ் மாட்டற வளையம்), வெளிச்சத்த மென்மையாக்கற ஒரு சாஃப்ட்பாக்ஸோட. கலர உள்ளபடி காட்டற அளவான சிஆர்ஐ 95க்கு மேல இருக்கான்னு பாருங்க, பனியன் கம்பெனிக்காரங்களுக்கு துணி கலர் மாறினா கோவம் வரும், நியாயமான கோவம், துணி வாங்கற பையர் அந்த வீடியோவப் பாத்துத்தான் ஆர்டர் குடுக்கறாங்க. கூட ஒரு நல்ல ஜங்ஷன் பாக்ஸ், வயர ஒட்டற காஃபர் டேப்.

கேமரா ஆடாம புடிக்கற ஜிம்பல்ல உங்களுக்கு டிஜேஐ ஆர்எஸ் 3 மினி மாதிரி சின்னதே போதும், 2 கிலோ வரைக்கும் தாங்கும். ட்ரோன் வாங்காதீங்க, 2022 பிப்ரவரில இருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை, சர்வீஸ், பார்ட்ஸ் எல்லாம் தலைவலி, லைசென்ஸ் இருக்கற பைலட்ட அன்னிக்கு மட்டும் கூப்பிட்டுக்குங்க.

இப்ப பாடி. ஏ7எஸ் 3 அருமையான கேமரா, நான் இல்லன்னு சொல்ல மாட்டேன், 2020ல வந்தது இன்னிக்கும் இருட்டுல அத அடிச்சுக்கறது கஷ்டம். ஆனா உங்க ஷூட் எதுவும் இருட்டுல நடக்கல, மண்டபத்துல மேடைல வெளிச்சம் கொட்டிக் கெடக்கு, கம்பெனில லைட்டு நீங்க போடறீங்க. உங்க வேலைக்கு நான் பாக்கறது சோனி எஃப்எக்ஸ்30. 2022ல வந்தது, கிராப் சென்சார்தான், அதாவது ஏ7எஸ் 3 சென்சார விடச் சின்னது, ஆனா கலர் நிறைய பதிவாகற 10 பிட் 4:2:2, ரெண்டு ஸ்லாட், 4கேல செகண்டுக்கு 50 ஃப்ரேம் எடுத்தாலும் படம் குறுகாது, 120ல மட்டும் நல்லா குறுகும். சிக்மா 18-50 எஃப்/2.8 லென்ஸ் போட்டீங்கன்னா பேட்டரியோட சேத்து ஒரு கிலோ கூட வராது, அதையே ஏ7எஸ் 3 கூட சோனியோட 24-70 ஜிஎம் 2 லென்ஸ் போட்டா 1.4 கிலோ. அதுக்கு மேல ஜிம்பல் வெயிட் வேற. காலைல 4 மணி முகூர்த்தத்துல இருந்து மத்தியானப் பந்தி வரைக்கும் கையிலயே வெச்சிருக்கறவங்களுக்கு அந்த அரை கிலோ என்னன்னு தெரியும். ஆனா ஒண்ணு, எஃப்எக்ஸ்30ல மெக்கானிக்கல் ஷட்டர் கிடையாது, ஃப்ளாஷ் அடிச்சு ஃபோட்டோ எடுக்க முடியாது. பார்ட்டி உங்களயே ஃபோட்டோவும் எடுக்கச் சொல்றாங்கன்னா சோனி ஏ7 4 பக்கம் போங்க, அதுல 4கே 50 ஃப்ரேமுக்குப் போனா படம் குறுகும், பரவால்ல. பானாசோனிக் எஸ்5 2 விலைக்கு ரொம்ப நல்ல கேமரா, ஆனா திருப்பூர்ல ஷூட் நடுவுல ஒரு லென்ஸோ பேட்டரியோ கடன் கேக்கணும்னா சோனிக்காரங்கதான் பக்கத்துல இருப்பாங்க, அத யோசிச்சுக்குங்க.

இத உடனே வாங்கச் சொல்லல. மொதல்ல 1.5 லட்சத்துல மைக், என்டி, கார்டு, எஸ்எஸ்டி, லைட்டு, அந்த சிக்மா லென்ஸ், இவ்வளவும் வாங்குங்க, மீதி கையில நிக்கும். பாடிய மட்டும் வாடகைக்கு எடுங்க, அதுவும் எஃப்எக்ஸ்30யே கேட்டு எடுங்க, அஞ்சாறு ஷூட் அதுல பண்ணினா உங்க கைக்குப் பிடிச்சிருக்கான்னு தெரிஞ்சிடும். கடைக்காரர் அது இல்ல, ஏ7எஸ் 3தான் இருக்குன்னு குடுத்தா அதுல இந்த லென்ஸ மாட்டாதீங்க, இது சின்ன சென்சாருக்கான லென்ஸ், அதுக்கு ஏத்த மாதிரி ஃப்ரேம குறுக்கினா அதுல 4கே வராது, எச்டிதான் வரும்.

வாடகை மாசம் 15,000 போகுதே, நகைக்கடன் வட்டி அதவிட கம்மிதானேன்னு நீங்க கேப்பீங்க, நியாயமான கணக்கு. நூத்துக்கு ஒரு ரூபா வட்டின்னு வெச்சா 2 லட்சத்துக்கு மாசம் 2,000தான். ஆனா வாடகை ஷூட் இருந்தாத்தான் போகும், வட்டி ஆடிலயும் ஓடும், புரட்டாசிலயும் மார்கழிலயும் ஓடும். நீங்க சொன்ன அஞ்சாறு ஷூட் முகூர்த்த மாசத்துக் கணக்கு, தனியா ஆரம்பிச்சு இன்னும் ஒரு முழு வருஷத்த நீங்க பாக்கல. ஒரு ஆடி, ஒரு மார்கழி தாண்டுங்க, கம்பெனி வேலை அந்த மாசங்கள்ல எவ்வளவு வருதுன்னு நோட்டுல எழுதுங்க, அதுக்குள்ள பாடிக்குப் பாதிக்கு மேல உங்க காசே சேந்துடும், மீதிக்கு வேணும்னா அம்மாகிட்ட ஒரு சின்ன நகை கேக்கலாம், அவங்க மனசாரக் குடுக்கறாங்க, அத நான் தப்புன்னு சொல்லல, மொத்தத்தையும் ஒரே கேமராவுல வெக்காதீங்கன்னுதான் சொல்றேன். அதுவரைக்கும் கொட்டேஷன்ல கேமரா வாடகைய தனி வரியாப் போடுங்க, பார்ட்டிதான் அதக் குடுக்கணும், நீங்க உங்க சம்பளத்துல இருந்து குடுத்துட்டு இருக்கீங்க.

வாங்கற நாள் வர்றப்ப ஜிஎஸ்டி பில்லோட வாங்குங்க, செகண்ட் ஹேண்ட்னா பில்லுல இருக்கற சீரியல் நம்பரும் பாடில இருக்கறதும் ஒண்ணான்னு பாருங்க, லென்ஸ டார்ச் அடிச்சு பூஞ்சை இருக்கான்னு பாருங்க, எச்டிஎம்ஐ போர்ட்ல கேபிள் சொருகி ஆட்டிப் பாருங்க. லென்ஸ் மூடி போட்டு ஐஎஸ்ஓவ ஏத்தி ஒரு கிளிப் எடுத்தா கெட்டுப்போன பிக்சல் வெள்ளைப் புள்ளியாத் தெரியும். அப்புறம் உங்க கார்டப் போட்டு ஒரு மணி நேரம் நிறுத்தாம ஓட விடுங்க, ஏசி இல்லாத எடத்துல. விக்கறவர் அதுக்கு ஒத்துக்கலன்னா எழுந்து வந்துடுங்க.