நகைக்கடைப் பெயருக்கு அலங்கார எழுத்துரு வாங்கலாமா?

கேள்வி: கஸ்தூரியார் வீதியில் சிறிய நகைக்கடை ஒன்றைத் திறக்கவுள்ளோம். பெயர்ப்பலகை, நகைப்பெட்டி, பற்றுச்சீட்டு மூன்றிலும் கடைப் பெயர் ஒரே தோற்றத்தில் வரவேண்டும். தடித்த தண்டும் மயிரிழைக் கோடும் கலந்த ஆங்கில அலங்கார எழுத்துரு ஒன்றை இணையத்தில் கண்டோம். விலை டொலரில் உள்ளது. வாங்கலாமா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இன்னும் பணம் செலுத்தாதிருப்பின் சற்றுப் பொறுங்கள். நீங்கள் குறிப்பிடும் வகை, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசில் டிடோ என்னும் அச்சாளர் குடும்பத்தாராலும் இத்தாலியின் பார்மா நகரில் பொடோனி என்னும் அச்சாளராலும் உருப்பெற்றது. நகைக்கடைக்கு அது எடுப்பான தோற்றம் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் அழகு முழுவதும் அந்த மெல்லிய கோடுகளில் தங்கியிருக்கிறது. நீங்கள் கூறும் மூன்று இடங்களிலும் அவை ஒரே விதமாக நிலைப்பதில்லை.

பெயர்ப்பலகையில் எழுத்து ஓரடி உயரமாக வந்தாலும், வீதியின் மறுபக்கத்தில் நிற்பவருக்குத் தண்டுகள் மட்டும் தெரிந்து, பெயர் துண்டு துண்டாகத் தோன்றக்கூடும். வினைலில் வெட்டி ஒட்டுவதாயின் ஒடுங்கிய கீற்றுகளே முதலில் உரிந்து வரும். பெட்டியில் பொன்னிறத் தாள் (ஃபொயில்) பதிப்பது இன்னும் கடினம்: சாதாரண அச்சிலேயே 0.25 புள்ளிக்குக் (புள்ளி என்பது அச்சுத்துறையின் அளவலகு) குறைந்த கோடு பாதுகாப்பானதன்று என்பது பொதுவான கணக்கு. தாள் பதிப்புக்கும், கரும்பின்னணியில் வெள்ளையாக விடப்படும் எழுத்துக்கும் அதனிலும் கூடிய தடிப்பு வேண்டும். பற்றுச்சீட்டுக்கு இவ்வெழுத்து வேண்டவே வேண்டாம்.

இக்குறையைச் சமாளிக்கவே சில எழுத்துருக்கள் அளவுக்கேற்பத் தடிப்பு மாறும்படி வரையப்படுகின்றன. பொடோனி மோடா 6 முதல் 96 புள்ளி வரையான அளவுகளுக்கு அவ்வாறு அமைக்கப்பட்டது. அதுவும், 2011இல் வெளிவந்த பிளேஃபெயர் டிஸ்பிளேயும் திறந்த எழுத்துரு உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். இவற்றில் உங்கள் கடைப் பெயரை அமைத்து, பெட்டி செய்பவரிடம் உண்மையான அளவில் ஒரு மாதிரி பதிப்பித்துப் பாருங்கள். அதில் தேறாத கோடு, விலை கொடுத்து வாங்கும் எழுத்துருவிலும் பெரும்பாலும் தேறாது.

நீங்கள் கேட்காத ஒன்றும் உண்டு. பலகையில் தமிழ் வரிக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? இவ்வகை எழுத்துருக்களில் மிகப் பலவற்றில் தமிழ் இல்லை. விற்பனைப் பக்கத்தின் சோதனைப் பெட்டியில் தமிழ் தெரிந்தாலும் நம்பிவிட வேண்டாம். எழுத்துருவில் இல்லாதவற்றுக்குக் கணினி தன்னிடமுள்ள வேறோர் எழுத்தைக் காட்டிவிடும். ஆதரிக்கப்படும் மொழிகளின் பட்டியலைப் பார்ப்பதே சரி. தமிழ் வரிக்கு நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற, பல தடிப்புகளில் கிடைக்கும் யூனிகோட் எழுத்துருவைத் தெரிந்து, ஆங்கிலத் தண்டின் தடிப்புக்கு நெருக்கமானதை எடுத்தால் இரு வரிகளும் ஓரளவு இணங்கும்.

அதன் பிறகும் அதே எழுத்துருதான் வேண்டுமென்றால், உரிமத்தை முழுமையாக வாசித்துவிட்டு வாங்குங்கள். கணினியில் நிறுவும் உரிமமும் இணையத்தளத்தில் பயன்படுத்தும் உரிமமும் பொதுவாக வெவ்வேறாகவே விற்கப்படுகின்றன. “தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்” என்று தரப்படும் இலவசக் கோப்பு கடைக்கு ஆகாது. உரிமம் கடையின் பெயரிலேயே இருக்கட்டும். அச்சகத்துக்கு எழுத்துருக் கோப்பைக் கொடுத்தனுப்பாமல், எழுத்துகளைக் கோட்டு வடிவமாக (அவுட்லைன்) மாற்றிய பிடிஎஃப் கோப்பைக் கொடுங்கள். பதிவிறக்கிய எழுத்துருவுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் விற்பனையாளர் மிகச் சிலரே.