உட்டா கிரீனா? முதுகப் பாக்காதீங்க, எறக்கைக்கு அடியில பாருங்க

திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காருங்க: "அண்ணா, செப்டம்பர் கடைசில நஞ்சராயன் குளத்துல சேத்தோரமா நின்ன ஒரு உள்ளான் பறவைய போட்டோ எடுத்தேன். முதுகுல பாதி புள்ளி இருக்கு பாதி இல்ல, உட் சாண்ட்பைப்பர் படத்தோடயும் சேரல, கிரீன் சாண்ட்பைப்பர் படத்தோடயும் சேரல. எப்படிங்ண்ணா கண்டுபிடிக்கறது?"

சேராததுக்கு காரணம் மாசந்தானுங்க தம்பி. வடக்க குஞ்சு பொரிச்சுட்டு ஆகஸ்ட், செப்டம்பர்ல இங்க எறங்கற வளந்த பறவைக மேல இருக்கறது தேஞ்சுபோன பழைய இறகு. வெள்ளப் புள்ளி இருக்கற எடத்துல கருப்பு நிறமி கெடையாது, நிறமி இல்லாத எடம் சீக்கிரம் தேயும், அதனால ஓரத்துப் புள்ளிகதான் மொதல்ல காணாமப் போவுது, உட்டோட முதுகு வெறும் பழுப்பா நின்னு கிரீன் மாதிரியே ஏமாத்தும். நடுவால புதுசா மொளச்ச நாலு இறகு மட்டும் புள்ளியோட பளிச்சுனு தெரியும், ஒட்டுப்போட்ட வேட்டியாட்ட. அந்த வருசத்து இளசுகளும் பக்கத்துலயே மேயும், அதுக முதுகு ஒரே சீரா புதுசா இருக்கும், அதுல கொழப்பம் கம்மி.

அதனால முதுக விட்டுப்போட்டு மொகத்தப் பாருங்க. உட்டுக்கு வெளிறுன புருவக்கோடு கண்ணத் தாண்டி பின்னால வரைக்கும் ஓடும். கிரீனுக்கு அலகுல இருந்து கண்ணு வரைக்குந்தான், அங்கயே நின்னுரும், கண்ணச் சுத்தி வெள்ள வளையம் தனியா தெரியும். உங்க போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேனுங்க, கோடு நல்லாத் தாண்டிப் போவுது, உட்டேதான். கால் கலரு கொஞ்சம் ஒதவும், உட்டுக்கு மஞ்ச தூக்கலா இருக்கும், ஆனா சேத்துல நின்ன கால நம்பி நானே பல தடவ ஏமாந்திருக்கேன்.

ரொம்ப உறுதியான அடையாளம் பறக்கறப்பதான் கெடைக்கும். கிரீன் எந்திரிச்சா எறக்கைக்கு அடி கரியாட்ட கருப்பு, உட்டுக்கு வெளிறுன சாம்பல். வாலுக்கு மேல வெள்ளை ரெண்டுக்கும் உண்டுங்க, அத மட்டும் வெச்சு எழுதிறாதீங்க. ஈரோடு பக்கம் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துல ஒருக்கா தேஞ்சுபோன உட்ட கிரீன்னு நோட்டுல எழுதி முடிக்கறேன், மேல பருந்து ஒண்ணு சுத்துச்சு, அந்த உள்ளான் "சிஃப் இஃப் இஃப்"னு கத்திட்டு வெளிறுன எறக்கைய விரிச்சுட்டுப் போயிருச்சு, அப்பறமென்ன, அடிச்சு எழுதுனேன். கிரீன் கத்துனா "ட்ளுயீட் விட் விட்"னு உச்சத்துல கேக்கும்.

அதுக்காக கல்லெறிஞ்சு கிளப்பிப்போடாதீங்க, அவ்வளவு தூரம் பறந்து வந்து இப்பத்தான் இர எடுக்குது, கொஞ்ச நேரம் உக்காந்தா அதுவே எந்திரிக்கும். தோளுக்கு முன்னால வெள்ளை ஆப்பு மாதிரி ஏறி நின்னு, பின்பக்கம் ஓயாம ஆடிட்டே இருந்துச்சுன்னா இது ரெண்டுமே இல்லீங்க, அது காமன் சாண்ட்பைப்பர்.