தோட்டத்துக் கேள்வி-பதில்: பாக் சோய் ஏன் அதுக்குள்ள பூத்துருது?

கேள்வி: அக்கா, மாசி மாசம் மாடியில க்ரோ பேக்ல பாக் சோய்ங்கிற சைனாக் கீரைய வெதைச்சேன். நல்லா அழகா வந்துச்சு, இன்னும் கொஞ்சம் பெருசாகட்டும்னு விட்டேன். முப்பத்தஞ்சாம் நாள் நடுவுல இருந்து தண்டு நீண்டு மஞ்சப் பூ வெச்சிருச்சு, இலையும் ஒரே கசப்பு. வெதை சரியில்லையா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: வெதை மேல பழி போடாதீங்க தங்கச்சி. பாக் சோய் யாருன்னு மொதல்ல பாருங்க, பேரு தான் சைனா பேரு, ஆனா நம்ம கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் எல்லாம் ஒரே குடும்பம். கடுகுச் செடிக்கு சூடு ஏறிச்சுன்னா என்ன பண்ணும்? சீக்கிரம் பூத்து வெதைய கொட்டிட்டு போயிரும்ல, இதுவும் அதையே தான் பண்ணுது. 15ல இருந்து 22 டிகிரி வரைக்கும் தான் அதுக்கு சுகம். உங்க பாலக்காட்டுப் பக்கம் மாசி கடைசியிலேயே வெயில் கொளுத்த ஆரம்பிச்சிரும், அதுலயும் மாடி தளம், கருப்பு பை, மத்தியானம் பைக்குள்ள கைய விட்டுப் பாருங்க, மண்ணு சுடும். ஒரு நாள் தண்ணி ஊத்த மறந்தா கூட போதும், செடி பயந்துபோய் பூவுக்கு ஓடிரும்.

நெட்ல படிச்சா பகல் நீளமா இருந்தா பூக்கும்னு போட்டிருப்பாங்க. அது பொய் இல்ல, ஆனா அத எழுதுறவங்க குளிர் நாட்டுக்காரங்க, அவங்க ஊர்ல கோடையில 15, 16 மணி நேரம் பகல். நமக்கு ஆனி மாசத்துல கூட பன்னிரண்டே முக்கால் மணி நேரத்த தாண்டாது. அதனால நம்ம பக்கம் பகல விட சூட்டையும் தண்ணி விட்டுப்போறதையும் தான் பெரிய காரணமா நான் பார்க்கேன். இன்னொன்னு, நாத்த ட்ரேயிலயே ரொம்ப நாள் வெச்சிருந்து வேர் சுத்துன பொறவு எடுத்து நட்டாலும் பூத்துரும். மூணு நாலு இலை வந்ததும், சுமாரா பதினஞ்சு இருவது நாள்ல மாத்தி நட்டுருங்க.

இந்த தடவ ஐப்பசி நடுவுல வெதைங்க. மார்கழிக்குள்ள சாப்பிட்டு முடிச்சிரலாம். உங்க ஊருக்கு கணவாய் வழியா கார்த்திகை, மார்கழில கெழக்குக் காத்து காஞ்சு அடிக்குமே, அது மண்ணு ஈரத்த உறிஞ்சிரும், அதனால கெழக்குப் பக்கமா ஒரு பச்சை வலை கட்டிருங்க, மேல காஞ்ச இலை போட்டு மூடாக்கு வைங்க, தண்ணி காலையில ஒரு தடவ, வெயில் நாள்ல சாயங்காலமும் கொஞ்சம்.

ஆனா நான் உங்ககிட்ட முக்கியமா சொல்ல நினைக்கிறது அறுவடை தான். "இன்னும் கொஞ்சம் பெருசாகட்டும்னு விட்டேன்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, நம்ம ஆளுங்க நெறைய பேரு தோத்துப் போறது அந்த எடத்துல தான். கீரைய பொறுத்தவரைக்கும் அறுக்கறதும் ஒரு வளர்ப்பு தான். பாக் சோய முப்பது நாள்ல கைப்பிடி உயரம் இருக்கும்போதே எடுக்கலாம், முழுசா வேணும்னா 45, 50 நாள். நம்ம சூட்டுக்கு நான் முப்பதுலயே கைய வெச்சிருவேன். வெளி இலைய அடியோட ஒடிச்சு எடுத்துட்டு நடுக்குருத்த விட்டுட்டா அது பாட்டுக்கு வந்துட்டே இருக்கும். இல்லன்னா மண்ணுக்கு மேல ஒரு இஞ்ச் விட்டு கத்தியால அறுத்தீங்கன்னா அடிக்கட்டையில இருந்து சின்னச் சின்னதா மறுபடி துளிர்க்கும், பழைய அளவுக்கு வராது, ஒரு வேளை கூட்டுக்கு ஆகும். விடியக்காலையில அறுங்க, இலை மொறுமொறுன்னு இருக்கும், ஈரத்துணியில சுத்தி வைங்க.

பூத்துட்டா தூக்கிப் போட்றாதீங்க. மொட்டு விரியறதுக்கு முன்னால அந்த இளந்தண்ட மொட்டோட பொடியா நறுக்கி, தேங்காப்பூ, பச்ச மொளகா போட்டு தோரன் வெச்சிப் பாருங்க. சைனாக்காரங்க சாய் சம்னு ஒரு கீரைய அந்தப் பூத்தண்டுக்காகவே வளக்காங்க.

கேள்வி: நாங்க மூணாறுல எஸ்டேட் லயத்துல இருக்கோம். இங்க சூடே கெடையாது, ஆனாலும் மார்கழில வெச்ச சைனீஸ் கேபேஜ் நாத்து உருண்டை புடிக்காமலே பூத்துருச்சு. அது எப்படி?
- வாசகர், மூணாறு

பதில்: இது நேர் எதிர் கதை தம்பி. கொழிஞ்சாம்பாறை தங்கச்சிக்கு சூடு, உங்களுக்கு குளிரு. இளநாத்து ஒரு வாரம், ரெண்டு வாரம் 10 டிகிரிக்கு கீழ நின்னுச்சுன்னா, பனிக்காலம் முடிஞ்சு போச்சுன்னு அது உள்ளுக்குள்ள கணக்கு வெச்சுக்கும். பொறவு லேசா வெயில் பட்டதும் பூவுக்கு போயிரும். உங்க ஊர்ல மார்கழி, தையில உறைபனியே விழுதே. உருண்டை புடிக்க 60ல இருந்து 75 நாள் வேணும், அதனால ஆவணி கடைசியில நாத்து போட்டு, மழைக்கு மேல பாலித்தீன் கூரை கட்டி, கார்த்திகைக்குள்ள எடுத்துருங்க. மார்கழில தான் போட முடியும்னா நாத்து ட்ரேய அடுப்பங்கரையில சூடு இருக்குற பக்கம் ஜன்னலோரமா வெச்சு வளத்து, பனி விட்ட பொறவு வெளிய நடுங்க.

கேள்வி: சாரல் நேரத்துல செவப்புத் தண்டங்கீரை இலையெல்லாம் வெள்ளை வெள்ளையா புள்ளி விழுந்து ஓட்டையாகுது. என்ன மருந்து அடிக்கலாம்?
- வாசகி, புளியரை

பதில்: ஆரியங்காவு வழியா சாரல் வந்து விழுற எடம் உங்களோடது, எங்க செங்கோட்டையிலயும் இதே பாடு தான். இது பூஞ்சை நோய், ரைசோக்டோனியான்னு பேரு, ஈரத்துல பரவும். மலையாளத்து ஆளுங்க இதுக்கு ஒரு நல்ல வழி வெச்சிருக்காங்க, செவப்புச் சீரையோட (கீரைய அவங்க சீரைன்னு தான் சொல்வாங்க) நடுவுல நடுவுல பச்சைத் தண்டங்கீரைய கலந்து வெதைப்பாங்க. அவங்க வேளாண் பல்கலைக்கழகத்து அருண் ரகம் செவப்பு, நம்ம கோயமுத்தூர் கோ 1 பச்சை, பச்சைக்கு இந்த நோய் அவ்வளவா வராது, நடுவுல வேலி மாதிரி நின்னு பரவ விடாது. மருந்துக்கு முன்னால இத செஞ்சு பாருங்க, திங்கிற இலையில வெஷத்த அடிக்க எனக்கு மனசு வராது. தண்ணிய இலை மேல தெளிக்காதீங்க, வேர்ல ஊத்துங்க. புள்ளி விழுந்த இலைய அன்னைக்கே கிள்ளி தோட்டத்துக்கு வெளிய போட்றுங்க. உரம் போடும்போது ட்ரைக்கோடெர்மா, அதாவது நோய்ப் பூஞ்சைய அடக்குற நல்ல பூஞ்சை, கலந்த தொழு உரமா போடுங்க.

கேள்வி: மலேசியாவுல இருந்து வந்த சித்தப்பா கங்கோங் கங்கோங்னு கேட்டுட்டே இருக்காரு. குமுளியில அத வளக்க முடியுமா?
- வாசகர், குமுளி

பதில்: அது நம்ம வள்ளைக்கீரை தான்! கொளத்தோரம் தானா படர்ந்து கெடக்கும். ஆனா சாக்கடை கலக்குற கொளத்துல பறிச்சது வேண்டாம், பச்சையாவும் திங்கக் கூடாது. நல்ல எடத்துல வாங்குன தண்டு நாலு எடுத்து தண்ணி கிளாஸ்ல போட்டா சில நாள்லயே கணுவுல வேர் வந்துரும். ஒரு பழைய டப்புல மண்ணு போட்டு, ஈரம் வத்தாம பாத்துக்கிட்டா போதும், ஒரு மாசத்துல மொத வெட்டு. அடியில ரெண்டு கணு விட்டு வெட்டுங்க, ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா வந்துட்டே இருக்கும். மிச்சத் தண்ட வாய்க்கால்ல மட்டும் எறிஞ்சிராதீங்க, படர்ந்து தண்ணிய அடைச்சிரும். சித்தப்பாவுக்கு பூண்டும் வத்தலும் தட்டிப் போட்டு, பெரிய தீயில ரெண்டே நிமிஷம் வதக்கிக் குடுங்க.