குப்பை சபையுடையது, கடை அத்தானுடையது

கேள்வி: வன்னியில் ஏ9 வீதியோரமாக உள்ள ஒரு பொதுச் சந்தையில் 2012 முதல் மரக்கறிக் கடை நடத்துகிறேன். சந்தைக் குப்பை முழுவதையும் என் கடைச் சுவரோடு குவிக்கிறார்கள். வாரம் இரண்டு முறை வரவேண்டிய பிரதேச சபையின் உழவு இயந்திரம் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. நாற்றம், இலையான், கட்டாக்காலி மாடுகள். சனம் உள்ளே வராமல் வீதியோரத்தில் படங்கு விரித்திருப்பவர்களிடம் வாங்கிக்கொண்டு போகிறது. ஆறு கடிதம் கொடுத்தும் பதில் இல்லை. குப்பை அள்ளாத சபைக்கு வாடகை எதற்கு என்று ஒன்பது மாதமாகக் கட்டவில்லை. இப்போது நிலுவை 40,500 ரூபாவைக் கட்டி, 14 நாளில் கடையை ஒப்படைக்கும்படி கடிதம் வந்திருக்கிறது. கடை அத்தானின் பெயரில் எடுத்தது. அவர் குடும்பத்தோடு கனடாவில் இருக்கிறார். சபைக்கு எதிராக வழக்குப் போட்டு நட்டஈடு பெறவும், வீதியோர வியாபாரிகளை அகற்றவும் முடியுமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றே முக்கால் பக்கம் குப்பையைப் பற்றியது. கடைசிப் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் நெருக்கி எழுதிய ஒரு வரி இருக்கிறது: கடை அத்தானின் பெயரில் எடுத்தது. எனக்கு வேலை அந்த வரியில்தான். சபையின் சட்டத்தரணிக்கும் அப்படித்தான்.

குப்பை விடயத்தில் நியாயம் உங்கள் பக்கம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் 93 ஆம் பிரிவில் குப்பை அகற்றுவதைச் சபையின் கடமை என்றே சொல்கிறது. சேர்த்தெடுத்த குப்பை சபையின் சொத்து என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்கள் சுவரோரத்தில் நாறுவதற்குச் சொந்தக்காரர் யார் என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்தக் கடமையைச் செய்யாத சபைக்கு வாடகை கட்டத் தேவையில்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. குப்பை ஒரு கணக்கு, வாடகை வேறு கணக்கு. ஒன்றை மற்றதில் கழித்துக்கொள்ள உங்களுக்கு யாரும் அனுமதி தரவில்லை. ஒன்பது மாதமாக நீங்கள் சபையைத் தண்டித்ததாக நினைத்தீர்கள். சபைக்கு இல்லாதிருந்த ஒரு காரணத்தை நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

அதையாவது கட்டித் தீர்க்கலாம். பெயர் விடயம் அப்படி இல்லை.

போர் முடிந்து சனம் திரும்பி வந்த காலத்தில் வன்னிச் சந்தைகளில் கடைகள் எப்படிக் கைமாறின என்பது எனக்குத் தெரியும். கடை ஒருவரின் பெயரில் கிடைக்கும்; அவர் யாழ்ப்பாணத்துக்கோ வெளிநாட்டுக்கோ போவார்; திறப்பை ஒரு மச்சானிடமோ, கைமாற்றுப் பணம் கொடுத்த ஒருவரிடமோ விட்டுவிட்டுப் போவார். மாதாமாதம் வாடகை போகும், பற்றுச்சீட்டு பழைய பெயரிலேயே வரும், கருமபீடத்தில் இருக்கிற எழுதுவினைஞருக்கும் எல்லாம் தெரியும். இப்படிப் பத்து வருடம் ஓடினால் கடை தங்களுடையது என்று ஆட்கள் நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். சபையோடு சண்டை இல்லாத வரைக்கும் அந்த நம்பிக்கைக்கு ஒரு குறையும் வராது.

சண்டை வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு என் கட்சிக்காரர் ஒருவரின் கதை போதும். வேறொரு சந்தை, புடைவைக் கடை. கூரை ஒழுக்குக்காகச் சபையோடு பிணக்கு. நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, தடையுத்தரவு கேட்டே தீருவேன் என்று நின்றார். மழைத்தண்ணீர் ஊறிய சேலைகளின் படம் மட்டும் அறுபது இருந்தது. சபையின் சட்டத்தரணி ஒரு படத்தையும் பார்க்கவில்லை. எங்கள் ஆவணக் கட்டிலிருந்தே ஒரு பற்றுச்சீட்டை உருவி, "இதில் உள்ள பெயர் யாருடையது?" என்று கேட்டார். "மாமாவின் பெயர்" என்றார் இவர். "மாமா எங்கே இருக்கிறார்?" "லண்டனில்." அவ்வளவுதான். தடையுத்தரவு கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய இழப்பு, அதுவரை எல்லோருக்கும் தெரிந்தும் எவரும் எழுதாதிருந்த ஒன்று நீதிமன்றப் பதிவில் ஏறிவிட்டது. அதன் பிறகு சபை பார்த்தும் பாராமல் இருக்க வழியில்லாமல் போனது. கடை பகிரங்கக் கேள்விக்கு விடப்பட்டது. அவரும் கேட்டார், அதிக விலை சொன்னவர் வேறொருவர். கூரை மட்டும் இப்போது ஒழுகுவதில்லையாம்.

உங்கள் கோப்பும் இதே பாதையில்தான் நிற்கிறது. பெரும்பாலான சபைக் கடை ஒப்பந்தங்களில், குத்தகைக்காரர் கடையை இன்னொருவருக்கு உபகுத்தகைக்கு விடவோ கையளிக்கவோ கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கும். மீறினால் ஒப்பந்தம் ரத்து, வைப்புப் பணமும் போகும். நீங்கள் வழக்காளியாகப் போய் நின்றால், முதல் பந்தியிலேயே நீங்கள் யார் என்று சொல்ல வேண்டும். குத்தகைக்காரர் என்று சொன்னால் பொய். குத்தகைக்காரரின் மச்சான் என்று சொன்னால் நிபந்தனை மீறலுக்கு நீங்களே சாட்சி.

உங்களுக்கு யாரோ எழுத்தாணை (பொது அமைப்பு ஒன்றின் செயலைத் தடுக்கவோ செய்விக்கவோ நீதிமன்றம் இடும் கட்டளை) கேட்கலாம் என்றும், அடிப்படை உரிமை மீறல் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கலாம்தான். ஆனால் வெறும் ஒப்பந்தப் பிணக்குக்கு எழுத்தாணை வழங்குவதில்லை என்பது நீதிமன்றங்கள் பலமுறை சொன்ன விடயம். வாடகை நிலுவையோடு, ஒப்பந்தத்தில் பெயரும் இல்லாமல் போகிறவருக்கு அங்கே என்ன கிடைக்கும்? அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் ஒரு முறைப்பாட்டைப் போட்டுவிட்டால் அந்த ஒரு மாதம் நின்றுவிடும் என்று நம்பிக் கெட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். முறைப்பாட்டைப் பாரமெடுத்த துண்டு போதாது. அங்கே விசாரணை நிலுவையில் இருப்பதைக் காட்ட வேண்டும். நட்டஈட்டு வழக்கு என்றால் சபைக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும், அதன் பிறகு வழக்குப் போடும் காலமும் மாதக்கணக்கில்தான். நீங்கள் சொல்லும் நட்டம் 2019 இலிருந்து தொடங்குகிறது. அதில் பெரும் பகுதி எப்போதோ காலாவதியாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்வார்கள்: சபை வந்து பூட்டுப் போட்டால் 66 ஆம் பிரிவில் போகலாம் என்று. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் அந்தப் பிரிவு, அமைதிக் குலைவு வரக்கூடிய காணிப் பிணக்கில் உடைமையில் இருந்தவரைத் தற்காலிகமாகக் காக்கும். பலவந்தமாக வெளியேற்றப்பட்டு 2 மாதத்துக்குள் விடயம் நீதிமன்றத்துக்கு வந்திருக்க வேண்டும். சபை இரவோடு இரவாகப் பூட்டை உடைத்தால் அதே நாளில் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டளை உரிமையைத் தீர்மானிப்பதில்லை. அதில் வென்று வெடி கொளுத்தி, ஆறு மாதத்தின் பின் மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றவர்களின் பெயர்களை எழுதினால் இந்தப் பத்தி போதாது.

வீதியோர வியாபாரிகளைப் பற்றி நீண்ட முறைப்பாடு. ஏ9, வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குச் சொந்தமான வீதி. அதன் ஓரத்தை எவருக்கும் குத்தகைக்குக் கொடுக்கச் சபைக்கு உரிமை இல்லை. எனவே நீங்கள் கேட்டால் அகற்றல் நடக்கவும் கூடும். ஆனால் நில அளவைக்காரர் நாடாவைப் பிடிக்கும்போது படங்கோடு நிற்கமாட்டார். உங்கள் கடை முகப்பில் வீதிப் பக்கமாக ஆறடி இறக்கிய தகரப் பத்தி நீங்கள் அனுப்பிய முதல் படத்திலேயே தெரிகிறது. முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்கிப் பழகிய சனத்துக்கு, வீதியோரத்தில் விற்பவரைத் துரத்திய கடைக்காரர் என்ற பெயரும் நல்லதல்ல. அந்தச் சண்டையை விடுங்கள்.

பத்து வீதக் கழிவை நிறுத்தச் சொன்னது அநியாயம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நூறு கிலோ கத்தரிக்காய் கொண்டுவரும் விவசாயியிடம் தொண்ணூறுக்குக் காசு கொடுக்கும் பழக்கத்தை நான் ஆதரிக்கப் போவதில்லை. சபையோடு பேசப் போகும்போது அந்தக் கழிவைப் பற்றி வாயே திறக்காதீர்கள். மற்றக் கழிவைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

அதிலும் அவதானம். பொதுத் தொல்லையை அகற்ற, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் போகலாம். அதற்குக் கடை உங்கள் பெயரில் இருக்கத் தேவையில்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். குவியலின் அடியில், அழுகிய வாழைத்தண்டுகளுக்கு நடுவில், ஒரு பச்சைப் பிளாஸ்ரிக் கூடை. அதில் வெள்ளை மையில் உங்கள் கடைப் பெயர். சபையைக் கூண்டில் ஏற்ற நீங்கள் கொடுத்த படத்தைக் கொண்டே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கள்மேல் வழக்குத் தாக்கல் செய்யலாம். அந்தப் படத்தை இனி எவருக்கும் அனுப்பாதீர்கள்.

ஆகவே என் ஆலோசனை, சமரசம். வெட்கப்பட எதுவும் இல்லை. சபைக்கும் இந்தக் கோப்பு தலையிடிதான். குத்தகைக்காரர் அல்லாதவர் கடையில் இருப்பதைக் கணக்காய்வு கேள்வி கேட்கும். 2018 ஆம் ஆண்டின் தேசிய கணக்காய்வுச் சட்டத்துக்குப் பின் நட்டத்தை அதிகாரியிடமே அறவிடவும் வழி இருப்பதால், செயலாளர் உங்கள்மேல் இரக்கப்பட்டாலும் வாய்ப்பேச்சில் ஒன்றும் செய்யமாட்டார். 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை உறுப்பினர்கள் இல்லாமல் செயலாளர்கள் நடத்திய காலத்தில் கொடுத்த வாக்குறுதி எதையும் நம்பி நிற்காதீர்கள். எழுத்தில் இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் மறந்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது சபைக் கூட்டத்தில் எடுக்கும் ஒரு தீர்மானம். தவிசாளரின் தலையசைப்பு அல்ல.

முதலில் 40,500 ரூபாவையும் ஒரே தடவையில் கட்டுங்கள், அத்தானின் பெயரில். தவணை கேட்காதீர்கள். பற்றுச்சீட்டோடு, 14 நாள் முடியுமுன் ஒரு பக்கக் கடிதம்: நிலுவை தீர்ந்தது, ரத்தை மீளாய்வு செய்யுங்கள் என்று. அதில் கையொப்பம் அத்தானுடையதாக இருக்க வேண்டும். உங்களுக்கு அற்றோணித் தத்துவம் தந்திருக்கிறார் என்கிறீர்கள். அது முறையாக அத்தாட்சிப்படுத்தி இங்கே பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். அப்படியிருந்தாலும் அது அவருக்காகக் கையொப்பமிட உதவும், கடையை உங்களுடையதாக்காது. அவர் கண்ணை மூடினால் அதுவும் முடிந்தது. அதனால் அவர் உயிரோடும் நல்ல மனதோடும் இருக்கும்போதே பெயர் மாற்றத்துக்கு அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அக்காவோடு கோபதாபம் ஏதும் இருந்தால் இன்றைக்கே தொலைபேசி எடுங்கள்.

பெயர் மாற்றத்தை மனைவிக்கோ பிள்ளைக்கோ என்றால் சபைகள் எளிதாகப் பார்க்கும். மச்சானுக்கு என்றால் மறுக்கலாம். ஒப்புக்கொண்டாலும் விலை மதிப்பீட்டுத் திணைக்களத்தின் புதிய மதிப்பீட்டில் வாடகை ஏறும், மாற்றுக் கட்டணமும் கேட்பார்கள். பேரம் பேசலாம், அதற்காக எழுந்து வராதீர்கள். இரட்டிப்பு வாடகையோடு சொந்தப் பெயரில் கடை கிடைத்தால் அது வெற்றி.

நான் அஞ்சுவது கருமபீடத்தில் நடக்கப்போவதை. காசைக் கட்டப் போனால் சில இடங்களில் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். மேலே நிலுவை செலுத்தல் என்று இருக்கும். கீழே சிறிய எழுத்தில், "அனுமதியின்றிக் கடையில் இருந்துவரும் நான், சபை கேட்கும்போது ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்" என்கிற மாதிரி ஒரு வாக்கியம். வரிசையில் பின்னால் ஆள் நிற்கும், எழுதுவினைஞர் தெரிந்த பெடியனாக இருப்பான், பேனையையும் அவனே தருவான். கையொப்பம் போட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் மூவர். ஒருவருக்கும் நான் உதவ முடியவில்லை. காசை மட்டும் கட்டுங்கள், பற்றுச்சீட்டை மட்டும் வாங்குங்கள். படிவத்தை வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

குப்பைக்கு, சந்தை வர்த்தகர் சங்கத்தின் நிர்வாகி ஒருவர் தன் பெயரில் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கடந்த ஆறு மாதத்தில் உழவு இயந்திரம் சந்தைக்கு வந்த நாட்களின் பதிவைக் கேட்கட்டும். 14 வேலை நாளில் பதில் வரவேண்டும். உங்கள் பெயர் அதில் வேண்டாம், பெயர் மாறும் வரையாவது.

ஒப்பந்தத்தின் படங்களை அனுப்பியிருந்தீர்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்தாம் பக்கங்கள். நான்காம் பக்கம் இல்லை. நிபந்தனைகள் அதில்தான் இருக்கும். காசு கட்டப் போகுமுன் அதைத் தேடி எடுத்து அனுப்புங்கள்.