‘உங்க ஆளு’ என்று சொல்லிவிடுவார்களோ?

கேள்வி: சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கிடங்கில் 6 பேருக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். எஸ் பாஸில் (வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதி) இருக்கும் ஒரு தம்பிக்குப் போன மாதம் மன்னார்குடியில் அப்பா தவறிவிட்டார். 16-ஆம் நாள் காரியம் முடித்து வருகிறேன் என்றார். ‘உங்க ஆளு, அதான் கொடுத்தீங்க’ என்று மற்றவர்கள் பேசுவார்களே என்று பயந்து, 3 நாள் துக்க விடுப்போடு ஆண்டு விடுப்பில் 4 நாள் மட்டும் கொடுத்தேன். ஸ்டாக் கணக்கெடுப்புக்குச் சொன்னபடி வந்துவிட்டார். காரியத்தை அவர் தம்பி செய்தாராம். அதிலிருந்து கேட்டதற்கு மட்டும்தான் பதில். இப்போது மலாய்ச் சகோதரி ஒருவர், அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை என்று 2 வாரம் லீவு கேட்கிறார். என்ன செய்ய? - வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கொடுங்கள். அதற்கு முன் அந்தத் தம்பியிடம் பேசிவிடுங்கள். ரோஸ்டரைப் பார்த்துத்தான் அவருக்கு இது தெரியவந்தது என்று ஆகக் கூடாது.

பாரபட்சம் என்ற பேச்சுக்குப் பயந்தீர்கள். கடைசியில் நடந்ததும் பாரபட்சம்தான். அவர் தமிழர் என்பதால் கூடுதல் கறார். அதே லீவை வேறொருவர் கேட்டிருந்தால் இவ்வளவு யோசித்திருப்பீர்களா?

துக்க விடுப்பு இத்தனை நாள் என்று வேலை நியமனச் சட்டத்தில் கிடையாது. 3 நாள் என்பது உங்கள் நிறுவனம் வைத்த கணக்கு. புளோக் கீழ்த்தளத்தில் சடங்கு நடத்தி மண்டாயில் தகனம் முடிக்கும் குடும்பத்துக்கு அது ஓரளவு போதும். திருச்சிக்கு 4 மணி நேரம் பறந்து, அங்கிருந்து கார் பிடித்துப் போகிறவருக்கு? எல்லாருக்கும் ஒரே எண்ணைக் கொடுப்பது சமம் போலத் தெரியும், அவ்வளவுதான்.

கணக்கும் ஒன்றும் பயங்கரமில்லை. வாரம் 5 நாள் வேலை என்றால் 16 நாளில் வேலைநாள் 12-க்கு மேல் போகாது. துக்க விடுப்பு போக 9. சட்டப்படி குறைந்தபட்ச ஆண்டு விடுப்பே முதல் வருடம் 7 நாள், பிறகு வருடத்துக்கு ஒன்று கூடி 14 வரை போகும். கையிருப்பு போதாவிட்டால் மீதியைச் சம்பளமில்லா விடுப்பாகப் போட்டிருக்கலாம். எஸ் பாஸ்காரர் தொடர்ந்து 7 நாளுக்குக் குறையாமல் வெளிநாட்டு விடுப்பில் இருந்தால் அவருக்காக அரசுக்குக் கட்டும் தீர்வையிலிருந்து அந்த நாட்களுக்கு விலக்குக் கேட்டும் நிறுவனம் விண்ணப்பிக்கலாம். இதையெல்லாம் ஹெச்ஆரிடம் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்டிருக்க மாட்டீர்கள் என்றே படுகிறது.

அவரிடம் ‘கம்பெனி ரூல்’ என்று ஆரம்பிக்காதீர்கள். தலைமகனாக இருந்தால் கொள்ளி வைத்த மொட்டைத் தலையோடு வந்து உங்கள் முன் பெட்டிகளை எண்ணியிருப்பார். அவரிடம் போய் விதி பேச முடியாது. ‘அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது தம்பி’ என்றால் போதும். பிறகு வருஷத் திதி எப்போது என்று கேட்டு, அந்த வாரத்தை இப்போதே அவர் பெயரில் ரோஸ்டரில் போட்டுவிடுங்கள். காரியம் திரும்ப வராது. திதிக்காவது அவர் ஊரில் இருக்கட்டும்.

சகோதரி விஷயத்தில் லீவைக் கொடுப்பது சுலபம், வேலையை அவர் தலையிலிருந்து இறக்குவதுதான் கஷ்டம். பெரும்பாலான மேலாளர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். லீவு கொடுத்துவிட்டு, ‘அக்கா, அந்த டெலிவரி ஆர்டர் எங்கே?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டால், அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் உங்கள் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். போகும் முன் யார் எதைப் பார்ப்பது என்று அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். குழுச் செய்திகளை அவர் அணைத்து வைக்கட்டும். தவிர்க்கவே முடியாதென்றால் நீங்கள் ஒருவர் மட்டும் கூப்பிடலாம். மற்றவர்களுக்குக் கூடுதல் வேலை விழுந்தால் ஓவர்டைம் பணமோ பதில் ஆஃபோ கணக்காகப் போய்ச் சேர வேண்டும்; ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க’ 2 வாரம் தாங்காது.

முட்டி 2 வாரத்தில் சரியாகிவிடாது. இயன்முறைச் சிகிச்சைக்கு அம்மாவை அழைத்துப் போக ஷிப்டை மாற்றித் தரச் சொல்வார். நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்பது பற்றி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டிக் குறிப்புகளின்படி, முறையாக எழுதிக் கேட்டால் நிறுவனம் 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். அவராகக் கேட்கும்வரை காத்திராமல் இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

‘உங்க ஆளு’ பேச்சுக்கு மருந்து ஹெச்ஆரின் ஒரு பக்கக் குறிப்பு. வெளிநாட்டில் பெற்றோர் இறந்தால் என்ன, வீட்டில் அறுவை சிகிச்சை என்றால் என்ன, விடுப்பு தீர்ந்தால் என்ன என்று எழுதி 6 பேருக்கும் காட்டுங்கள். அதற்குப் பிறகும் யாராவது பேசினால், பேசட்டும்.