கிளைம் பாரத்தில் எந்தக் கணக்கை எழுதுவது?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஏர்கோன் டெக்னீஷியனாக இருக்கிறேன். சொந்தக் காரில் வாடிக்கையாளர் இடங்களுக்குப் போய்விட்டு மாதக் கடைசியில், ஓடிய கிலோமீட்டருக்குக் கம்பெனியிடம் பணம் கேட்டு மைலேஜ் கிளைம் எழுதுவேன். எங்கள் டீமில் எல்லாரும் கிலோமீட்டரைக் கூட்டிப் போடுவார்கள், நானும் போட்டிருக்கிறேன். இப்போது உறுத்துகிறது. நான் மட்டும் உள்ளதை எழுதினால் மற்றவர்கள் மாட்டிக்கொள்வார்கள். இன்னொன்று, நான் கிறிஸ்தவன், என் பெரியம்மா இந்து. தீபாவளிக்கு அவர் வீட்டில் சாப்பிடலாமா? பரிசுத்தமாக வாழ வேண்டும் என்றால் இதிலெல்லாம் என்ன செய்வது?"

பெரியம்மா வீட்டுக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். போங்கள் தம்பி, சாப்பிடுங்கள். விசுவாசியல்லாதவர் விருந்துக்கு அழைத்தால், முன்னால் வைப்பதைத் துருவிக் கேட்காமல் சாப்பிடலாம் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார் (1 கொரிந்தியர் 10:27). இது சாமிக்குப் படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் மட்டும், சொன்னவருடைய மனசாட்சியை முன்னிட்டு அதைத் தவிர்க்கச் சொன்னார். பிரசாதம் என்று கொடுத்தால், "அது மட்டும் வேண்டாம் பெரியம்மா" என்று பணிவாகச் சொல்லிவிட்டு முறுக்குக்கும் ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கும் உட்காருங்கள்.

கிளைம் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. நம் சபைகளில் பரிசுத்தம் என்றதும் பேச்சு நகைக்கும் பொட்டுக்கும் சினிமாவுக்கும் போய்விடுகிறது. லேவியராகமம் 19-ஐ ஒருமுறை முழுதாக வாசியுங்கள். கர்த்தர் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள் என்று தொடங்குகிற அதிகாரம் அது. துணி, முடி பற்றியும் அதில் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் வயலோரக் கதிரை ஏழைக்கு விடுவது, கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளாதிருப்பது, கோள் சொல்லாதிருப்பது, அந்நியனையும் தன்னைப்போல நேசிப்பது என்று பெரும்பகுதி கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. கடைசியில் தராசும் படியும் சரியாக இருக்க வேண்டும் என்று முடிகிறது. உங்கள் கையில் இருக்கும் தராசு அந்தக் கிளைம் பாரம்தான்.

அதனால் இந்த மாதத்திலிருந்து ஓடிய கிலோமீட்டரை மட்டும் எழுதுங்கள். புறப்படும்போதும் திரும்பும்போதும் காரின் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். டோல், பார்க்கிங்குக்கு டச் அண்ட் கோ கட்டண அட்டையின் கணக்கை இணையுங்கள். உங்களுக்கு நியாயமாக வர வேண்டியதில் ஒரு ரிங்கிட்டையும் விடாதீர்கள். வர வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டு உள்ளுக்குள் புழுங்குவதைப் பக்தி என்று நினைக்க வேண்டாம்.

மற்றவர்களைப் பற்றி: மேலாளரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதில்லை. அதே சமயம், அவர்கள் திடீரென்று மாட்டிக்கொள்ளும்படி விடுவதும் சரியில்லை. பாரம் கொடுப்பதற்கு முன்பே டீமிடம் நேரில் பேசுங்கள்: "இனி நான் ஓடினதை மட்டும்தான் போடப் போறேன். யாராவது கேட்டா பொய் சொல்ல மாட்டேன்." வாட்ஸ்அப்பில் போட வேண்டாம், நேரில் சொன்னால்தான் அக்கறை தெரியும். கோபப்படுவார்கள். கொஞ்ச நாள் உங்களைத் தேநீருக்குக்கூடக் கூப்பிடாமல் இருக்கலாம். அது வலிக்கும், தாங்கிக்கொள்ளுங்கள். வேறொருவர் பாரத்தில் கையெழுத்துப் போடும்படி கேட்டால் மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். முதலாளியை ஏமாற்றும் நோக்கில் பொய் ஆவணம் கொடுப்பது மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் 2009-இன் 18-வது பிரிவில் குற்றம். தனியார் நிறுவன ஊழியருக்கும் அது பொருந்தும். 20 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

ஏற்கெனவே வாங்கிய பணம்? லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தில், ஏமாற்றி எடுத்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருவதாகச் சொன்னான். இனிவரும் மாதங்களில் கிளைம் எழுதாமல் இருந்து சத்தமில்லாமல் கழித்துவிடலாமா என்று யோசிப்பீர்கள். பணம் நேராகும், ஆனால் மறைத்தது மறைத்ததாகவே இருக்கும். எனக்கு அது போதும் என்று தோன்றவில்லை. பழைய பாரங்களைப் பார்த்து உத்தேசத் தொகையைக் குறித்து, மனைவி இருந்தால் அவரிடம் முதலில் சொல்லுங்கள், ஏனென்றால் வேலை போனால் அடி அவருக்கும் விழும். அடுத்து ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்; மேலே சொன்ன சட்டம் உங்களையும் தொடும். மேலாளரிடம் போவது அதற்கப்புறம்தான். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால், சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளும்படி எழுத்தில் கேளுங்கள்.